கள்ளியும் வெட்டிய கிளையும்

ரெஜினா வீட்டு பால்கனியில் ஒரு கள்ளிச்செடி இருந்தது. அதன் பெரிய கிளை கனத்துப்போய், செடியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

“நான் முட்டுக் கொடுக்கலேன்னா நீ எப்பவோ விழுந்திருப்பே” என்றது கிளை.

“நான் தண்ணி தரலேன்னா நீ ஒரே நாள்ல வாடிடுவே” என்றது கள்ளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, ரெஜினா செய்தித்தாளை மடித்துக் கிளையைச் சுற்றிப் பிடித்து வெட்டினாள். வெட்டின இடம் காயட்டும் என்று அதைச் சமையலறை மேடையில் கிடத்தினாள்.

மறுநாள் சுவரில் போன பல்லியைக் கிளை கூப்பிட்டது.

“அண்ணே, வெளியே அது விழுந்திடுச்சா?”

“இல்லையே. நேரா நிக்குது.”

“நாளைக்குப் பாருங்க.”

பால்கனியில் கள்ளி கேட்டது. “அண்ணே, உள்ளே அது வாடிடுச்சா?”

“இல்லையே. பச்சையா இருக்கு.”

“நாளைக்குப் பாருங்க.”

பத்து நாள் இதே கதைதான். பல்லிக்குப் பூச்சி பிடிக்கக்கூட நேரமில்லை.

பதினோராம் நாள் ரெஜினா கிளையைக் கைப்பிடி உடைந்த கோப்பையில் நட்டு, கள்ளிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“நல்லா இருக்கியா?” என்றது கள்ளி.

“இருக்கேன். நீ?”

“எனக்கென்ன! நீ நல்லா இருந்தா எனக்கு அதுவே சந்தோஷம்.”

“எனக்கும் அப்படித்தான்.”

இரண்டும் சுவரைப் பார்த்தன. யார் மெய் சொன்னாலும் உச்சுக் கொட்டுகிற பல்லி, அன்று வாயே திறக்கவில்லை.