ஒத்தைக் கால் வகுப்பு

பேக்கிங் ஷெட்டில் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்க, மூங்கில் மட்டும் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

உயரத்துக்காக வைத்த பேர் அது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் அம்மா மட்டும்தான்.

"மகாராணிக்குக் கால் வலிக்குதோ?" என்றார் முதலாளி.

"கால் நல்லாத்தான் இருக்கு சார். முதுகுதான்."

"அதுக்குத்தானேம்மா இந்த வகுப்பே! என் கைக்காசைப் போட்டு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். எந்த முதலாளி செய்வான்?"

எவனும் செய்ய மாட்டான்தான். தள்ளாடிக்கொண்டிருந்த டேப் ஒட்டும் அக்காகூட, 'திமிரைப் பாரு' என்கிற மாதிரி பார்த்தாள்.

மூங்கில் எழுந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். கொக்கு தோற்றது. தள்ளிவிட்டாலும் அசைய மாட்டாள் போலிருந்தது.

"பிரமாதம்!" என்றார் பயிற்சியாளர். "வயித்தை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, இடுப்பு துளிகூட ஆடலை. உங்களுக்கா முதுகு வலி?"

"நீங்க சொல்லிக் குடுத்ததையெல்லாம் வீட்லயும் செய்யறேன் சார். செஞ்சுட்டு வந்து, அந்த மேசையில நாள் பூரா குனியறேன்."

பயிற்சியாளர் மேசையைப் பார்த்தார். அவளுடைய பாதித் தொடைக்குத்தான் வந்தது.

"சார், இதுக்கு அடியில நாலு மரக்கட்டையை வெச்சா..." என்று முதலாளியிடம் இழுத்தார்.

"உங்களை உடம்பைச் சரிபண்ணக் கூப்பிட்டேன். மேசையை இல்ல." முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! கட்டையெல்லாம் ஸ்டாக் இல்லம்மா. இன்னொரு தடவை முதுகுன்னு லீவு கேட்டே, அப்படியே வீட்லயே இருந்துக்க."

ஷெட்டே சிரித்தது. மூங்கில் போய் அதே மேசையில் குனிந்தாள். வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையால்தான்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார்.

"கார்ல ஒரு மூட்டை இருக்கு. என் ரூமுக்குத் தூக்கிட்டு வா. முட்டியை மடக்கித் தூக்கணும், முதுகை வளைக்கக் கூடாது. சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. முட்டியை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். நாய்த் தீனி.

ஏசி அறை. கன்றுக்குட்டி சைஸுக்கு ஒரு நாய், தலையைக் குனியாமலே சொகுசாகத் தின்றுகொண்டிருந்தது.

தட்டுக்கு அடியில் மரக்கட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக நாலு. வழவழவென்று இழைத்த புதுக்கட்டை.

"என்ன அப்படிப் பாக்கறே?" முதலாளி நாயின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "உயரமா வளர்ற இனம். குனிஞ்சு குனிஞ்சு தின்னா முதுகு பிடிச்சுக்குது, பாவம். வாயில்லா ஜீவன், வந்து கேக்கவா போகுது? நாமதானே பாத்துச் செய்யணும்!"

மூங்கில் மூட்டையை இறக்கி வைத்தாள். முதுகு வளையாமல்தான்.

"ஏன் சார், இதுக்கு ஒத்தைக் கால் வகுப்பு வெக்கலையா? காலைத் தூக்க இதுக்கு யாரும் சொல்லிக்கூடத் தர வேண்டாமே!"