எட்டு வாட் மாப்பிள்ளை

ஓர் அலமாரியில் பழைய ஸ்பீக்கர் ஒருத்தி இருந்தாள். அவளுடைய காகிதக் கூம்பு ஏற்கெனவே ஒருமுறை கிழிந்து ஒட்டப்பட்டது. இன்னொரு முறை கிழிந்தால் காயலான் கடைதான். ஆனாலும் தனக்கு வரும் ஆம்ப்ளிஃபயர் மாப்பிள்ளை ஊரையே அதிரவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

முதலில் முந்நூறு வாட்காரன் வந்தான். "நான் பாடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்!"

ஸ்பீக்கருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மெதுவாகவும் பாடுவீங்களா?" என்று கேட்டாள் பக்கத்திலிருந்த ரெக்கார்டு பிளேயர் அக்கா.

"மெதுவாவா? எதுக்குங்க?"

"ஜாதகம் பொருந்தலைங்க" என்று அக்கா அனுப்பிவிட்டாள். ஸ்பீக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து வந்தவன் எட்டு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். "சூடாக ரெண்டு நிமிஷம் ஆகும், கோவிச்சுக்காதீங்க" என்று நெளிந்தான்.

"இதுக்குப் பாடத் தெம்பு இருக்கா, அக்கா?"

வால்வுகள் மெல்லச் சிவந்தன. அக்கா ஒரு பழைய பாட்டைச் சுழலவிட்டாள். கூம்பு கொஞ்சமும் வலிக்கவில்லை. பல்லவி முடிந்ததும் ஸ்பீக்கர் திடுக்கிட்டாள்.

"அக்கா! இந்தப் பாடகி நடுவில மூச்சு வாங்குறாங்க! இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாதே!"

"முந்நூறு வாட்டைத் திரும்பக் கூப்பிடட்டுமாடி?"

"சும்மா இரு அக்கா, சரணம் வருது."