ஆளுக்கு ஒரு குறை

“கண்ணு ரெண்டும் நெத்தியில ஏறி உக்காந்திருக்கு. இது மனுச மூஞ்சியாக்கா, இல்ல புது வீட்டு வாசல்ல கட்டுற திருஷ்டி பூசணிக்காயா?”

ஸ்ரீமதி கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. படத்தை வரைந்த தில்லையம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, விரலில் ஒட்டிய பென்சில் கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கும் டிராயிங் வகுப்பு அது. சனிக்கிழமைதோறும் எல்லாருடைய தாளையும் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிடுவார் தட்சிணாமூர்த்தி சார். ஆளுக்கு ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு போய்த் திருத்தி, அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். அந்த வகுப்புக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

மற்றவர்கள் எல்லாம் கடலூரில் நடக்கும் டிராயிங் பரீட்சைக்காக வந்த இளசுகள். தில்லையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. குமராட்சியிலிருந்து மினிபஸ் பிடித்து வருவாள். பூ வரையுங்கள், பானை வரையுங்கள் என்றால் காதிலேயே வாங்க மாட்டாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாலிபனின் முகத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் ஸ்ரீமதியை மடக்கினான் கூடப் படிக்கும் சார்லஸ்.

“வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ? அந்தக்காவுக்கு ஒரே பையன். போன தையில ஆக்சிடென்ட்ல போயிட்டானாம். மினிபஸ் கண்டக்டர் சொன்னாரு. அதான் அந்த மூஞ்சியவே போட்டுப் போட்டுப் பாக்குறாங்க.”

ஸ்ரீமதிக்குப் பகீரென்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சே, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமா பூசணிக்காய் என்று சொன்னோம்!

ஓட்டமாக ஓடி, பஸ் ஸ்டாண்டில் தில்லையம்மாளைப் பிடித்தாள். “மன்னிச்சிடுங்கக்கா. விஷயம் தெரியாம வாய் விட்டுட்டேன்.”

“எதுக்குப் பாப்பா மன்னிப்பு? நீ சொன்னதுதான் சரி. கண்ணு மேலதான் ஏறிப்போச்சி.” தில்லையம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நாளாக நாளாக அந்த மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருது. சுத்தமா மறந்துபோறதுக்குள்ள அச்சு அசலா கொண்டாந்துடணும். நீ விடாம குத்தம் சொல்லு.”

“போட்டோ ஒண்ணுகூட இல்லியாக்கா?”

“அது மட்டும் இருந்திருந்தா!” என்றாள் தில்லையம்மாள். அதற்குள் மினிபஸ் வந்துவிட்டது. குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்து வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது போட்டோவெல்லாம் போயிருக்கும் என்று ஸ்ரீமதி நினைத்துக்கொண்டாள். பாவம், இந்த அம்மாவுக்கு எத்தனை இழப்பு!

அதற்குப் பிறகு வகுப்பே அவளைத் தாங்கியது. கண் தலையின் நடுவில் வர வேண்டும் என்று ஸ்ரீமதி பென்சிலால் அளந்து காட்டினாள். மூக்கைக் கோடாக இழுக்காமல் நிழலாகப் போடுங்கள் என்றான் சார்லஸ். தில்லையம்மாள் நாளுக்கு நாலு தாள் வரைந்தாள். களை பறித்த கையில் பென்சில் பிடித்த இடமும் காய்த்துப்போனது.

ஆறாவது வாரம் சார்லஸ், “லேசா சிரிக்கிற மாதிரி போட்டா இன்னும் நல்லாருக்கும்கா” என்றான். மற்ற குறைகளெல்லாம் அடுத்த வாரமே சரியாகிவிட்டன. சிரிப்பு மட்டும் வரவே இல்லை. பிள்ளையைக் கடைசியாக எந்தக் கோலத்தில் பார்த்தாளோ என்று ஸ்ரீமதி மருகினாள்.

பத்தாவது வாரம் முகத்துக்கு ஒரே ஒரு காதுதான் இருந்தது. வகுப்பு முடிந்ததும் ஸ்ரீமதி தனியாகக் கேட்டாள். “இடது காத ஏன்க்கா விட்டுட்டீங்க?”

“அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலியே பாப்பா.”

பெற்றவளுக்குப் பிள்ளையின் காதுகூட மறந்துபோகுமா? கடவுளே, எப்பேர்ப்பட்ட துக்கம் இது! கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வலது காதப் பாத்து அதே மாதிரி போட்டுடலாம்கா. யாருக்குத் தெரியப்போவுது?” என்று ஸ்ரீமதியே கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

பதினாலாவது சனிக்கிழமை கயிற்றில் மாட்டிய தாளைப் பார்த்து எல்லாரும் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். ஒட்டிய கன்னம், புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு, மிரண்டுபோய்ப் பார்க்கும் கண்கள். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுவிடலாம். தட்சிணாமூர்த்தி சார் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒரு குறையாவது சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

தில்லையம்மாள் தாளுக்கு முன்னால் போய் நின்றாள். “அவனேதான்” என்றாள். “அப்படியே அவனேதான்.”

ஸ்ரீமதி தேம்பித் தேம்பி அழுதாள். எல்லாரும் சேர்ந்து வாங்கி வைத்திருந்த கண்ணாடி பிரேமுக்குள் சார்லஸ் படத்தைப் பதமாகச் செருகி, நாற்காலியில் நிறுத்தி, சந்தன மாலையைப் போட்டான். ஸ்ரீமதி பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பையன் பேரு சொல்லுங்கக்கா. கீழ அழகா எழுதி ஒட்டிடறேன்.”

தில்லையம்மாள் அந்த மாலையைப் பிடுங்கித் தரையில் வீசினாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“இவன் பேர இனிமேதான் போலீசு கண்டுபிடிக்கணும்” என்றாள். “எம் புள்ள மேல லாரிய ஏத்திட்டு, ஜன்னல் வழியா என்னைய ஒரு தடவ பாத்துட்டு ஓடிப்போனவன் பாப்பா இவன்.”