பட்டாசு இல்லாத வரவேற்பு

“கோழி பெருசா, நாடு பெருசாய்யா?”

கோழிப்பண்ணை கேட்டைப் பிடித்துக்கொண்டு தனபால் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

பின்னே, கோபம் வராதா? வெண்ணந்தூரை ஒட்டிய இந்தச் சின்ன ஊரிலிருந்து விமானப்படைக்குப் போன ஜீவானந்தம், வீரப்பதக்கம் வாங்கிக்கொண்டு நாளைக்கு ஊருக்கு வருகிறான். ஹெலிகாப்டரில் இன்ஜினியர். போன வருஷம் எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இறங்கி ஓடி, காயம்பட்ட ஜவான்களை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிவந்து ஹெலிகாப்டரில் ஏற்றியவன்.

அவனை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சரவெடி போட்டு அழைத்து வர வேண்டாமா? விழாக் கமிட்டித் தலைவர் தனபால் சிவகாசிக்கே ஆள் அனுப்பிப் பட்டாசு இறக்கி வைத்திருந்தார்.

அதற்குத்தான் முட்டுக்கட்டை போட்டார் சென்னிமலை. ஜீவானந்தத்தின் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு அவருடைய பண்ணை.

“ஏனுங்கண்ணா, எல்லாம் முட்டைக்கோழிங்க. வெடிச் சத்தத்துக்கு மெரண்டுச்சுன்னா முட்டையே நின்னு போயிருமுங்க. மேளம் வெச்சுக்கோங்க, மைக் கட்டிக்கோங்க. வெடி மட்டும் வேண்டாமுங்க.”

“அதென்னய்யா, மேளத்துக்குப் பயப்படாத கோழி வெடிக்கு மட்டும் பயப்படுமா?”

“அது அப்படித்தானுங்க.”

“நாங்க வெடிப்போம். என்ன பண்ணுவே?”

“போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேனுங்க. வெடிச்சா கேஸ் போடுவாங்க.”

தனபாலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாட்டுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு ஒரு சரவெடி போட, பக்கத்து வீட்டுக்காரனே போலீசுக்குப் போவானா? மனுசன்தானா இவன்?

“உன்ற பொண்ணு மதுமதிக்கு அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிருக்கீல்ல? இந்த ஊர்ல ஒருத்தரும் உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம், பாத்துக்க!”

சென்னிமலையின் முகம் சுண்டிப் போனது. கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

“உங்க இஷ்டமுங்க” என்று மட்டும் சொன்னார் சென்னிமலை.

பொழுது சாய்வதற்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்குத் தேசத்துரோகி பட்டம் கிடைத்துவிட்டது. கோயில் கமிட்டியிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருத்தரும் பரிந்து பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்?

மறுநாள் ஜீவானந்தம் வந்தான். மேளம் மட்டும் முழங்கியது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள். ஆனாலும் வெடி இல்லாத ஊர்வலம் தனபாலுக்கு ஊர்வலமாகவே தெரியவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பாராட்டு விழா. மைக்கைப் பிடித்ததும் தனபால் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார்.

“தம்பி, வெடி இல்லாம உங்களை வரவேத்ததுக்கு ஊர் சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன். இங்க ஒருத்தருக்கு நாட்டை விட முட்டைதான் பெருசாப் போச்சு. அந்தச் சுயநலக்காரனும் வெக்கமில்லாம இங்க வந்து நிக்கறான்!”

கூட்டம் கைதட்டியது.

ஜீவானந்தம் சட்டென்று எழுந்தான். மைக்கை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். கடைசி வரிசையில் நின்றிருந்த சென்னிமலை, ‘வேண்டாம், உட்காரு’ என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவன் தயங்கி நின்றான். பிறகு தலையைக் குனிந்தபடி போய் உட்கார்ந்துகொண்டான்.

தனபாலுக்கு ரத்தம் கொதித்தது. திமிரைப் பார்த்தீர்களா? மேடையில் இருக்கிற வீரனையே உட்காரச் சொல்கிறான்!

விழா முடிந்தது. ஜீவானந்தம் வீட்டுக்குப் போய்விட்டான். தனபாலுக்கு மட்டும் ஆறவில்லை.

‘கேஸ்தானே? வரட்டும். இவன் கோழி ஒரு வாரத்துக்கு முட்டை போடக் கூடாது.’

சரவெடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பண்ணைக்கு வந்தார். நோய் தொற்றிவிடும் என்று வெளியாள் யாரையும் உள்ளே விடாத பண்ணை அது. கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். ஷெட்டுக்கு முன்னால் சரத்தை நீளமாக விரித்தார். தீப்பெட்டியை எடுத்து உரசினார்.

எங்கிருந்தோ ஓடிவந்த சென்னிமலை, அவர் கையோடு சேர்த்துக் குச்சியை அமுக்கி அணைத்தார்.

“அண்ணா, வேண்டாமுங்க! உங்க கால்ல வேணும்னாலும் விழறேனுங்க!”

“விடுய்யா! உன்ற கோழிக்கு இருக்கற மரியாதை…”

தனபால் பாதியில் நிறுத்தினார். இத்தனை கூச்சலுக்கும் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன கொக்கரிப்புக்கூட வரவில்லை.

எட்டிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கூண்டெல்லாம் காலி.

“கோழி எங்கய்யா?”

“வயசான கோழிங்க. போன வாரமே லோடு ஏத்தி அனுப்பிட்டேன். அடுத்த பேட்ச் இனிமேத்தான் வருதுங்க.”

“அப்புறம் எந்தக் கோழிக்காகய்யா ஊரையே பகைச்சுக்கிட்டே?”

சென்னிமலை பக்கத்து வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போன தீவாளிக்கு லீவுல வந்திருந்தப்ப, மொத வெடி வெடிச்சதுமே ஜீவா தம்பி இங்க ஓடியாந்து, தீவன மூட்டைக்குப் பின்னால காதைப் பொத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டுக் கெடந்துச்சுங்கண்ணா… மெடல் வாங்குன புள்ளைய ஊரு பயந்தாங்கொள்ளின்னு பேசறதுக்கு, என்னையச் சுயநலக்காரன்னே பேசிட்டுப் போவட்டுமுங்க.”