கோமதி இல்லம்

வீடு எவ்வளவு பெரிசு என்று கடைக்காரர் கேட்டார்.

வைஃபை பெட்டி வாங்க வந்தவர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

கீழ்வீடு மட்டுமா, மாடியும் சேர்த்தா? பாளையங்கோட்டையில் தபால்காரருக்கு அது ஒரே வீடு. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் இரண்டு. நம்ம வீட்டுக்குப் போதுமா என்று பார்த்து வாங்குங்கள் என்று மனைவி செண்பகம் காலையில் சொல்லியனுப்பினாள். எது நம்ம வீடு என்று அவளும் சொல்லவில்லை.

கண்ணாடி மேசை மேல் இரண்டு வைஃபை பெட்டிகள் இருந்தன. ஒன்று சின்னது. ஹாலில் வைத்து வயரைச் செருகினால் கீழ்த்தளத்துக்குத் தாராளமாகப் போதும். இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. உயரத்தில் மாட்டுவது. கான்கிரீட்டைத் தாண்டி மாடி வரை போகும்.

டிப்போவில் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கால் கடுத்தது. யாராவது ஏதாவது ஒன்றை எடுத்துப் பையில் போட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது.

"மாடியில ஆள் இருக்காங்களா அண்ணாச்சி?"

மாடியில் தம்பி இருக்கிறான்.

பழைய பெட்டியை மாட்டியதே அவன்தான். இரண்டு தளத்துக்கும் நடுவில் வரட்டும் என்று படிக்கட்டு வளைவில் இடம் பார்த்து மாட்டினான். நெட்டுக்குக் கோமதி இல்லம் என்று பெயரும் வைத்தான். அம்மாவின் பெயர்.

அப்போது வீடு ஒன்று.

பிறகு இவருடைய மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் சம்பந்தி வீட்டு ஆட்களுக்குக் கீழே அச்சாகிவிட்டது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

படிக்கட்டின் அடியில் ஒரு கதவு வந்தது. இந்தப் பக்கம் இவர் ஒரு தாழ்ப்பாள் போட்டார். அந்தப் பக்கம் அவன் ஒன்று போட்டான். மாடிக்குப் போக வெளியே இரும்புப் படி வைத்துக்கொண்டான்.

மோட்டார், முருங்கை மரம், அம்மாவின் பித்தளை அண்டா எல்லாம் பாகம் பிரிந்தன. நெட்டை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. காற்றில் போவதை எப்படிப் பிரிப்பது என்று பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களுக்குத் தெரியவில்லை போலும். கீழே ஹாலுக்கு வரும் லைன், கதவுக்கு மேலிருந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய், வளைவில் இருந்த பெட்டியில் ஏறி, இரண்டு வீட்டுக்கும் இறங்கியது.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாமே மாமா என்று மருமகன் ஒருமுறை சொன்னான். மாற்றும் வழி மறந்துவிட்டது என்று சமாளித்தார். மறக்கவில்லை.

போன வாரம் இடி விழுந்ததில் பெட்டி செத்துப்போனது.

தம்பி மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். மறுநாளிலிருந்து லேப்டாப் பையோடு ஸ்கூட்டரில் எங்கோ கிளம்பிப் போகிறாள். கேட் பக்கம் நின்ற இவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். பெரியப்பா, பெரியப்பா என்று பின்னாலேயே சுற்றிய பிள்ளை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய பெட்டியைப் பழைய இடத்தில்தான் மாட்ட வேண்டும். அது கதவுக்கு அந்தப் பக்கம். கதவைத் தட்ட வேண்டும். அவன் திறக்க வேண்டும். திறந்தபின் யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும்.

நினைத்தபோதே அலுப்பாக இருந்தது.

சின்னதே போதும் என்றார்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டார். எதையோ திருடிக்கொண்டு போவது போல வெட்கமாக இருந்தது. நான் தட்டி அவன் திறக்காவிட்டால் என்ன மரியாதை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அந்த நியாயம் இறங்கும் நிறுத்தம் வரைதான் தாங்கியது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது சட்டைப்பையில் போன் முனகியது. மறுபடியும் முனகியது. பிறகு விடவில்லை. மகள் அனுப்பிய பேரன் படங்கள், ஒரு வாரத்துக்கும் சேர்த்து.

போனில் தனியாக டேட்டா போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அதற்குள் மாட்டிவிட்டீர்களா என்று செண்பகம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் போனிலும் வந்துகொண்டிருந்ததாம்.

வாங்கிய பெட்டி இன்னும் பையிலேயே இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தார். கோமதி இல்லம். முழு சிக்னல். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை; பழையதேதான். பின்கட்டு வரை நடந்து பார்த்தார். அங்கேயும் இருந்தது.

மத்தியானம் படிக்கட்டுப் பக்கம் துளை போடும் சத்தம் கேட்டதாகச் செண்பகம் சொன்னாள். மேலே ஏதோ வேலை நடக்கிறது என்று இருந்துவிட்டாளாம்.

அவர் படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். ஓட்டைக்குள் வயர் பழையபடி போனது. அதற்கு அப்பால் புதிதாக ஒரு பச்சை வெளிச்சம்.

கதவைத் திறக்காமலே தம்பி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாட்டியிருக்கிறான். இவர் கையில் ஒரு வீட்டுக்கான பெட்டி இருந்தது.

அழுகை முட்டியது. அழவும் அசதியாக இருந்தது.

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

எண்ணெய் எங்கே என்று கேட்டார்.

செண்பகம் உள்ளே போனாள். தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"பூராத்தையும் ஊத்திராதீங்க. அந்தப் பக்கமும் துருப்பிடிச்சுத்தான் கெடக்கும்."