கைப்பிடியில் நாலு பல்

“இது என் பை இல்ல அண்ணி! சத்தியமா என் பை இல்ல!”

நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பைக்காரம்மா அசரவில்லை. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். பழைய தோல் கைப்பைகளை வீட்டிலேயே துடைத்து, கிழிசல் தைத்து, மெருகேற்றிக் கொடுப்பவள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பாட்டுக்கு, மீதி பைகளுக்கு.

“நீ கொடுத்த அதே பைதான்” என்றாள்.

“நான் கொடுத்தது கறுப்புப் பை. இது அரக்குச் சிவப்பு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“கறுப்பு மேலாப்புல இருந்தது. யாரோ சுவத்துக்கு அடிக்கிற மாதிரி சாயத்தை அப்பியிருக்காங்க. அதான் வெடிச்சு உதிர்ந்துச்சு. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தேய்ச்சதும் செதில் செதிலா வந்துடுச்சு. அடியில இருந்த நிறம் இது.”

குப்பைக் கூடையை இழுத்துக் காட்டினாள். உள்ளே கறுத்த பஞ்சு உருண்டைகள் நிறைந்து கிடந்தன. நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையைத் தூக்கிப் புரட்டினாள்.

“இங்க பாருங்க, கைப்பிடியில எலி வேற கடிச்சிருக்கு! நாலு பல்லு! என் பையில இது எங்க இருந்துச்சு?”

“அதுவும் இருந்துச்சு. சாயம் அடைச்சுக்கிட்டதால தெரியல.”

“நல்லாக் கதை விடறீங்க! பத்து நாளா வச்சிருந்துட்டு, யாரோடதையோ என் தலையில கட்டப் பார்க்கறீங்க!”

பைக்காரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

சத்தம் கேட்டுக் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தார் கணவர். வெளியூர் வேலை முடிந்து அன்று காலையில்தான் வீடு திரும்பியிருந்தார். வந்தவர் பையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனைவிமேல் பாய்ந்தார்.

“உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?”

“உங்க தங்கச்சிதான் கொண்டுவந்து கொடுத்தா. சாயம் உதிருது, சரி பண்ணிக் கொடுங்கன்னு.”

“உதிர்ந்த இடத்துல கொஞ்சம் பூசிவிட வேண்டியதுதானே? மொத்தமா சுரண்டச் சொன்னாளா?”

“வெடிச்ச சாயத்துமேல பூசினா ரெண்டே நாள்ல உரிஞ்சுடும். பழசை முழுசா எடுத்துட்டுத்தான் புதுசு.”

“உன் தொழில் ஞானத்தை இங்க யாரும் கேக்கல. இப்பவே கறுப்பு அடிச்சுக் கொடுத்தனுப்பு!”

“எனக்கு வேணாம்ண்ணா. இது என் பையே இல்லங்கறேன்!”

“நீ சும்மா இரும்மா!” தங்கையை ஓர் அதட்டு அதட்டிவிட்டு மறுபடி மனைவியிடம் வந்தார். “மாத்தியிருந்தா ஒத்துக்கிட்டுப் போயேன். உங்க குடும்பத்துக்கு இதென்ன புதுசா? அன்னைக்குத் தம்பி, இன்னைக்கு அக்கா!”

தம்பியை இழுத்ததும் பைக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வீட்டு அலமாரியிலிருந்து அவளுடைய பொருள் ஒன்று காணாமல் போனது. வேலை தேடி வந்து அந்த வாரம் இங்கே தங்கியிருந்த தம்பியின் தலையில் பழி விழுந்தது. அவன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே, விற்றுத் தின்றுவிட்டான் என்றார்கள். “நான் எடுக்கலக்கா” என்று அவன் சொன்னபோது, பாழாய்ப்போன ஒரு நிமிஷம் அவளுமே அவனைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டாள். அன்று போனவன் இன்றுவரை இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அக்கா போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

“இது உன் பை இல்ல. அதைத்தானே சொல்றே?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“ஆயிரம் தடவை சொல்வேன்!”

“ஒரு தடவை போதும். இது என் பை. எங்கம்மா வச்சிருந்து, என் கல்யாணத்துக்கு எனக்குக் கொடுத்தது. துணியில சுத்தி அலமாரிக்குள்ளயே வச்சிருந்தேன், நீ பார்த்ததுகூட இல்ல. மூணு வருஷம் முன்னாடி காணாமப் போனது இதுதான். சாயம் உரிஞ்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” பையைப் பிடுங்கிக் கைப்பிடியை நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது எலிப் பல்லா? என் தம்பிக்குப் பல்லு முளைக்கிறப்ப, எங்கம்மா மடியில உக்காந்து கடிச்சு வச்சதுடி! எந்தப் பையைத் திருடினான்னு அவனைத் துரத்தினீங்களோ, அதுல அவன் பல்லே இருக்கு. இப்ப சொல்லு, எப்ப எடுத்தே?”

“நானா? நான் எடுத்தேனா?”

நாத்தனாரின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவள், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் சட்டென்று நிறுத்தினாள். மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

“ஏண்ணா, மூணு வருஷம் முன்னாடி என் பிறந்தநாளுக்கு நீ இதைக் கொடுத்தப்ப, கடை கடையா அலைஞ்சு வாங்கினேன்னியே... அப்ப சாய வாடைகூடப் போகலையேண்ணா.”

பைக்காரம்மா போனை எடுத்தாள். தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பும் பொத்தானை அழுத்தி, கணவரின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.