நிறம் பார்க்கிறவர்

"தாய்ப்பாலை நிறுத்துன்னு எத்தன தடவ சொல்றது? பிள்ள மஞ்சக் கெழங்கு கணக்காக் கெடக்கு!"

சத்தியநேசன் பவுடர் பால் டப்பாவை மேசைமேல் ணங்கென்று வைத்தார். மருமகள் ஜாக்குலின் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பெறந்த புதுசுல லேசாக் காமாலை இருந்துச்சு மாமா. பாலை அடிக்கடி குடுத்தாத் தானாப் போயிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதான் போயிருச்சே!"

"யாருகிட்ட? போடி மார்க்கெட்டுல ஏலக்காயைப் பார்த்ததும் நெறம் சொல்றவன் நானு. எனக்கா தெரியாது?"

அவருக்குப் பொறுமை போய்ப் பல நாளாகிறது. இந்த சீசனில் எவனும் யோக்கியமாகச் சரக்குக் கொண்டுவருவதில்லை. இன்று காலையில்கூட, "பச்சப்பசேல்னு இருக்கு அண்ணாச்சி" என்று மொக்கையன் கூசாமல் சத்தியம் செய்தான். அத்தனையும் மஞ்சளடித்த காய்! மூட்டையோடு விரட்டிவிட்டார். வீட்டிலோ ஒரு வேட்டியை வெள்ளையாகத் துவைத்துப்போட நாதியில்லை. கேட்டால் மனைவி முறைக்கிறாள். இந்த லட்சணத்தில் பிள்ளையை மட்டும் ஒழுங்காகவா பார்ப்பார்கள்?

"கெளம்பு. டாக்டரம்மா வாயாலயே நிறுத்தச் சொல்ல வைக்கிறேன்."

"அவங்க சொன்னா நிறுத்திர்றேன் மாமா. சொல்லலேன்னா?"

"இந்த டப்பாவைக் குப்பையில போடுறேன், போதுமா?"

டாக்டர் முத்துப்பிரியா பிள்ளையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எடை பார்த்தார். ரத்தமும் சோதித்தாயிற்று.

"காமாலை துளிகூட இல்ல. எடையும் நல்லாக் கூடியிருக்கு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது."

சத்தியநேசனுக்குத் தலைக்கேறியது.

"பச்சப் பிள்ள விஷயத்துல வெளையாடாதீங்கம்மா! துவைக்காத மஞ்சக் கோட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, பிள்ளையோட மஞ்ச எங்கிட்டுத் தெரியும்?"

ஜாக்குலின் திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தாள். டாக்டர் தன் கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து, சத்தியநேசனின் கண்களில் டார்ச் அடித்தார்.

"ஐயா, இது இன்னைக்குத்தான் பிரிச்சுப் போட்ட புதுக் கோட்டு. வெள்ளவெளேர்னு இருக்கு. உங்க ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது. மொதல்ல கண் டாக்டரைப் பாருங்க."

சத்தியநேசன் கையோடு கொண்டுவந்திருந்த பால் டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டார். வெளியே வந்ததும் அவசரமாகச் செல்போனை எடுத்தார்.

"மொக்கையா... அந்தப் பச்சக் காயை வேற யாருக்கும் குடுத்துறாதப்பா. வெரசாக் கொண்டா!"